தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு என்ன வேண்டும்?

வீட்டில் 17 வயதுப் பையன். ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. பேச்சு இல்லை. மாலை ஆறரை தாண்டினால் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான்; தடுத்தால் தன் கையைக் கடிக்கிறான். இவன் தனி ஒரு ஆள் இல்லை. பல வீடுகளில் திரும்பத் திரும்ப வருகிற நிலைமைகளைச் சேர்த்து நாங்கள் இங்கே வைத்துக்கொள்ளும் ஓர் உருவம். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதை எப்படிங்க நிறுத்துறது?"

நேர்மறை நடத்தை ஆதரவு (Positive Behaviour Support) என்கிற முறையில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்கள் வேறு கேள்வியில் தொடங்குவோம். காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை இவனுக்கு என்ன வேலை? யாரோடு பொழுது போகிறது? எதை இவனே முடிவு செய்கிறான்? "ஸ்கூல் போயிட்டு நாலு மணிக்கு வருவான். அப்புறம் சும்மாதான் இருப்பான்" என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்தச் 'சும்மா'வில்தான் பாதிப் பிரச்சினை உட்கார்ந்திருக்கிறது.

இந்த முறை 1980களில் அமெரிக்காவில், மாற்றுத்திறனாளிகளின் நடத்தையை மாற்றுவதற்காக வலியும் தண்டனையும் பயன்படுத்தப்பட்டதற்கு எதிர்ப்பாக வளர்ந்தது. 2002இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் காரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்குத் தந்த விளக்கத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதல் நோக்கம் அந்த மனிதரும் அவரைச் சுற்றியுள்ளவர்களும் நல்லபடி வாழ்வது, சிக்கலான நடத்தையைக் குறைப்பது அதற்கு அடுத்தது. இந்த வரிசை தலைகீழானால் கிடைப்பது, அடிக்காமல் கடிக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை. அதை வெற்றி என்று எழுதிவைத்திருக்கும் கோப்புகள் நிறைய உண்டு. நாங்கள் அதை ஏற்பதில்லை.

முதலில் உடம்பு

எதையும் தொடங்குவதற்கு முன் பல், காது, வயிறு, தூக்கம் நான்கையும் பார்த்துவிட வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு வலி வந்தால் அது நடத்தையாகத்தான் வெளியே வரும். கன்னத்தில் அறைந்துகொள்வது, குளிர்ந்த தண்ணீரைத் தள்ளிவிடுவது, ஒரு பக்கமாகவே மெல்லுவது என்றால் பல். ஒரே காதைக் குத்துவது, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது என்றால் காது. மூன்று நாளாக வெளிக்குப் போகாமல், குந்துவதும் எழுவதுமாக இருந்தால் மலச்சிக்கல். சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் நெஞ்சில் குத்திக்கொண்டால் புளித்து மேலேறும் எரிச்சலாக இருக்கலாம். பெண்பிள்ளை என்றால் மாதவிலக்குத் தேதியையும் கடித்த தேதியையும் ஒரே நாட்காட்டியில் மூன்று மாதம் குறித்தால் போதும், வயிற்றுவலிதான் காரணமா என்று தெரிந்துவிடும்.

புதிதாகத் தொடங்கிய மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் தூண்டும். ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் சிலருக்கு உட்காரவே முடியாத ஒரு தவிப்பைத் தரும். வீட்டார் கண்ணுக்கு அது 'ஆட்டம் கூடிவிட்டது' என்று படும். அதைச் சொன்னதும் மருந்தளவு ஏற்றப்பட்டால் தவிப்பும் ஏறும். எனவே டாக்டரிடம் போகும்போது மருந்து தொடங்கிய தேதி, அளவு மாறிய தேதி, நடத்தை மாறிய தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். செல்போனில் 30 விநாடி வீடியோவும் வேண்டும், ஏனென்றால் டாக்டர் முன்னால் அது நடக்காது. மாத்திரையை வீட்டார் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

அதுவரை அமைதியாக இருந்தவர் ஒரு வாரத்தில் மாறிவிட்டால், உடம்பில் ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு, இல்லை என்றால் மேலே போகலாம்.

எழுதிப் பார்ப்பது

'அடம்', 'முரண்டு', 'வயலென்ட்' ஆகிய சொற்களை நோட்டில் எழுதக் கூடாது என்பது எங்கள் கறாரான விதி. அம்மா ஒன்றை அடம் என்பார், ஆயா வேறொன்றை அடம் என்பார். இரண்டையும் கூட்டினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. 'நெற்றி சுவரிலோ தரையிலோ சத்தம் கேட்கும்படி படுவது' என்று எழுதினால் பாட்டிகூட ஒரே மாதிரி எண்ணுவார். ஒரு சம்பவம் எங்கே முடிந்தது என்பதற்கும் விதி வேண்டும். கடைசி முட்டலுக்குப் பிறகு 5 நிமிடம் அமைதி என்றால் அந்தச் சம்பவம் முடிந்தது; அதற்குப் பின் முட்டினால் புதுச் சம்பவம்.

ஒரு நாற்பது பக்க நோட்டைத் துளை போட்டுச் சமையலறைக் கதவில் கயிற்றோடு தொங்கவிடுங்கள், பேனாவையும் கட்டிவிடுங்கள். பீரோவுக்குள் வைத்த நோட்டில் எழுத்து ஏறாது. நடந்து பத்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும். இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் எல்லாச் சம்பவமும் 'திடீர்னு' என்றுதான் வரும். மணி, இடம், யார் யார் இருந்தார்கள், முந்தைய ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே மற்றவர்கள் என்ன செய்தார்கள். இவ்வளவுதான். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

"செவ்வாய் 6.40. ஹால். குக்கர் மூணாவது விசில். டிவி ஓடுது. தங்கச்சி டியூஷன் பிள்ளைங்க உள்ள வந்தாங்க. 4 தடவை முட்டினான். அம்மா ஓடி வந்து போன் கொடுத்தாங்க. நிறுத்திட்டான்."

இரண்டு வாரம் இப்படி எழுத வேண்டும். கூடவே ஒரு கட்டத்தாள். காலை 6 முதல் இரவு 10 வரை அரைமணிக்கு ஒன்றாக 32 கட்டங்கள் கீழ்நோக்கி, 14 நாட்கள் குறுக்கே. முட்டிய கட்டத்துக்குச் சிவப்பு. பதினான்காம் நாள் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், "நாள் பூரா இப்படித்தான்" என்று சொன்ன வீட்டிலும் பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும். நாங்கள் முதலில் வீட்டாரைப் பார்க்கச் சொல்வது அந்த வெள்ளையைத்தான். சிவப்பில்லாத நேரத்தில் யார் இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தான்? வழி அங்கே கிடைக்கும்.

இந்தப் பையனின் தாளில் சிவப்பு இரண்டு இடங்களில் திரண்டு நிற்கிறது: மாலை 6.30 முதல் 7.30, இரவு 9 மணி பல் தேய்க்கும் நேரம். மாலைக்கு வீட்டார் சொன்ன காரணம் குக்கர் சத்தம். ஆனால் வியாழக்கிழமை கடைமாவில் தோசை, குக்கரும் இல்லை, டியூஷனும் இல்லை, 7.05க்கு முட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை குக்கரும் கத்தியது, டிவியும் ஓடியது, அன்று ஒன்றுமில்லை. ஐந்தரைக்கு அப்பா வண்டியில் கூட்டிப்போய் வந்திருக்கிறார், பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். முட்டிய நாட்கள் எல்லாவற்றிலும் அம்மா சமையலறையில், இவன் தனியாக, கையில் ஒன்றுமில்லை. முட்டியதும் ஆள் வந்திருக்கிறது, போன் வந்திருக்கிறது. சத்தம் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். நெருப்பு, வெறும் கையோடு தனியாக உட்கார்ந்திருந்த அந்த இரண்டரை மணி நேரம்.

இரவு ஒன்பது மணிச் சிவப்பு வேறு கதை. அங்கே முட்டினால் பிரஷ் கீழே போய்விடுகிறது, "சரி விடு, நாளைக்குத் தேய்ச்சுக்கலாம்." முட்டல் ஒன்றுதான், ஆனால் அது செய்கிற வேலை இரண்டு. நடத்தைகள் பொதுவாகச் செய்யும் வேலைகளை நான்காகப் பிரிப்பது வழக்கம்: ஒன்றிலிருந்து தப்பிப்பது, ஆளின் கவனத்தைப் பெறுவது, ஒரு பொருளைப் பெறுவது, உடலுக்கே இதமாக இருப்பது. எந்த வேலை என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் ஒரு கேள்வி உதவும். "இன்னும் ஐந்து நிமிடத்தில் அவன் முட்ட வேண்டும் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" அம்மாக்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

முட்டுவதற்கு முன்னால் மாற்ற வேண்டியவை

உடனே பலன் தருவது சூழலை மாற்றுவதுதான், கற்றுக்கொடுப்பது பின்னால்தான் பலிக்கும். குக்கரை அவன் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பே, மூன்றரைக்கு வைத்துவிடலாம். கட்டடத் தொழிலாளர் அணியும் காதுமூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். முதலில் சத்தமில்லாத நேரத்தில் அரை நிமிடம், பிறகு ஒரு நிமிடம் என்று பழக்க வேண்டும். விசில் அடிக்கும்போது முதல்முறையாக மாட்டப் போனால் காதுமூடியே எதிரியாகிவிடும். நாள் முழுக்கவும் மாட்டிவிடக் கூடாது, சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகும்.

அடுத்தது, இப்போது என்ன, பிறகு என்ன என்று கண்ணுக்குத் தெரியவைப்பது. இதற்கு இணையத்தில் கிடைக்கும் பொம்மைப் படங்கள் வேண்டாம். அவனுடைய தட்டு, அவனுடைய குளியலறை, அப்பாவின் வண்டி ஆகியவற்றைச் செல்போனில் எடுத்து, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். தொடக்கத்தில் இரண்டே இரண்டு படம்: இடது பக்கம் 'இப்போ', வலது பக்கம் 'அப்புறம்'. முடிந்த படத்தை அவனே எடுத்துக் கீழே உள்ள டப்பாவில் போட வேண்டும். இரண்டு வாரம் சரளமாக ஓடிய பிறகு மூன்றாவது படம். முதல் நாளே பதினைந்து படத்தோடு அழகான சார்ட் மாட்டிய வீடுகளில், ஒரு மாதம் கழித்து அது சுவர் அலங்காரமாகத்தான் தொங்கும்.

படம் புரியாதவர்களுக்குப் பொருள். பைக் சாவியைக் கையில் கொடுத்தால் வெளியே போகிறோம், தட்டைக் கொடுத்தால் சாப்பாடு. பார்வை இல்லாத பிள்ளைக்கும் இதுவே உதவும்.

பஸ் வராத நாளும், கரண்ட் போகிற நேரமும் உண்டு. அதற்கு 'மாற்றம்' என்று ஒரு மஞ்சள் அட்டை. இதை முதலில் நல்ல மாற்றத்துக்குப் பயன்படுத்துங்கள்: கீரைக்குப் பதில் அப்பளம், படிப்புக்குப் பதில் ஊஞ்சல். பத்துப் பன்னிரண்டு முறை நல்லது நடந்த பிறகு ஒரு சின்ன ஏமாற்றத்துக்குக் காட்டலாம். முதல் முறையே கெட்ட செய்தியோடு வந்த அட்டை கிழிந்துதான் போகும்.

முட்டுவதை விடச் சுலபமான ஒரு வழி

1985இல் அதே எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் நான்கு குழந்தைகளிடம் செய்த ஆய்வு இன்றும் எங்கள் வேலைக்கு அடித்தளம். பாடம் கடினமாக இருந்ததால் தாறுமாறாக நடந்த குழந்தை 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக் கற்றதும் அந்த நடத்தை குறைந்தது. கவனத்துக்காகச் செய்த குழந்தைக்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்ற கேள்வி உதவியது. சொல்லை மாற்றிக் கொடுத்தபோது, அதாவது காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது, பலன் இல்லை. நம் பிள்ளைக்கும் அப்படித்தான். மாலை நேரத்துக்கு, அவன் எடுத்துக் கொடுத்து ஆளைக் கூப்பிட, 'வா' என்ற அட்டை வேண்டும். பல் தேய்க்கும்போது நிறுத்தச் சொல்ல 'போதும்' அட்டை. எல்லாருக்கும் பொதுவாக 'ப்ளீஸ்' சைகை கற்றுக்கொடுக்கிற இடங்களில் அது பலிக்காமல் போவது இதனால்தான்.

புது வழி பழைய வழியை விட மலிவாக இருக்க வேண்டும். முட்டினால் இரண்டு விநாடியில் அம்மா வருகிறார் என்றால், அட்டையைத் தொட்டாலும் இரண்டு விநாடியில் வர வேண்டும். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, முதல் மூன்று வாரம் அப்படித்தான். "ஒரு நிமிஷம்டா" என்று ஒருமுறை சொன்னாலும் அவன் பழைய, நம்பகமான வழிக்குத் திரும்பிவிடுவான். அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை.

பழக்குவது அமைதியான நேரத்தில், ஒரு நாளைக்கு 20 முதல் 30 முறை, ஐந்தைந்தாகப் பிரித்து. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிரே நின்று அட்டையை வாங்குபவர். இன்னொருவர் பின்னால் நின்று, வாய் திறக்காமல், அவன் கையைப் பிடித்து அட்டைக்குக் கொண்டுபோகிறவர். முதல் நாள் உடனே கை பிடிக்க வேண்டும். பிறகு 2 விநாடி காத்திருந்து பிடிப்பது, பிறகு 5 விநாடி. பின்னால் இருப்பவர் "அட்டையக் குடு, அட்டையக் குடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், சொன்னால்தான் கொடுப்பது என்று பழகிவிடும். அதை அவிழ்க்க இன்னொரு மாதம் ஆகும்.

அட்டை எங்கே இருக்க வேண்டும் என்பது அற்பமான விஷயமாகத் தெரியும், இதில்தான் பாதித் திட்டங்கள் விழுகின்றன. கிழித்துவிடுவான் என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறார்கள். நாக்கை எடுத்து அலமாரியில் வைத்த மாதிரி அது. ஹாலில் அவன் உட்காரும் இடத்தருகே ஒன்று, குளியலறைக் கதவில் ஒன்று, பள்ளிப்பையில் ஒன்று, பீரோவில் உதிரி ஐந்து. கைவிரல் நன்றாக இயங்குகிறவர்களுக்குச் சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழிலும் படம் தொட்டுப் பேசும் வசதி உண்டு. ஆனால் அந்த டேப்லெட்டில் யூடியூப் இருக்கக் கூடாது. குரலுக்கு ஒரு கருவி, விளையாட்டுக்கு வேறு கருவி.

"எப்பப் பார்த்தாலும் போதும் போதும்னு காட்டிட்டே இருப்பானே?" என்று கேட்பார்கள். முதலில் காட்டத்தான் செய்வான், காட்டட்டும். பல்லில் பிரஷ் ஒருமுறை பட்டதும் 'போதும்' காட்டினான் என்றால் நிறுத்துங்கள். மூன்று நாள் கழித்து இரண்டு தேய்ப்பு, பிறகு நான்கு. காத்திருக்கப் பழக்குவதும் இதே வழி: 2 விநாடி, 5, 10, 20, 30, ஒரு நிமிடம். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் முந்தைய படிக்கு இறங்கிவிட வேண்டும். எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிய மணல்கடிகாரமோ கிச்சன் டைமரோ கண்முன் இருக்க வேண்டும்.

பாட்டியின் பிஸ்கட்

கூட்டுக் குடும்பத்தில் எப்போதும் ஒருவருக்கு மனசு கேட்காது. முட்டிய நெற்றியைத் தடவிக்கொண்டே பாட்டி பிஸ்கட் கொடுப்பார். அவரைத் திட்டிப் பயனில்லை, திட்டவும் கூடாது. அந்த வீட்டில் அவனிடம் அன்பாகத் தானே போய் உட்காருகிற ஒரே ஆள் சில சமயம் அவர்தான். பிஸ்கட்டின் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். தினமும் நாலரைக்கு, ஐந்தரைக்கு, ஆறேகாலுக்கு அவன் எதுவும் செய்யாமலே பாட்டி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாதி பிஸ்கட்டும் ஐந்து நிமிடப் பேச்சும் கொடுக்கட்டும். கேட்காமலே கிடைப்பதற்கு யாரும் சுவரில் முட்ட வேண்டியதில்லை. பாட்டிக்கும் இது நிறைவான வேலை. எங்கள் அனுபவத்தில் கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காகச் செய்கிறவர்கள் அவர்கள்தான்.

முட்டிய பிறகு "முட்டாம இருந்தா போன் தரேன்" என்பது தனி ஆபத்து. சொல்பவருக்கு அது நிபந்தனை, கேட்பவனுக்கு முட்டலுக்குக் கிடைத்த விலை.

பழைய வழி பலிக்காமல் போகத் தொடங்கியதும் சில நாள் அது முன்பைவிட உக்கிரமாக வரும். பூட்டிய கதவை நாமும் இரண்டு முறை பலமாக இழுத்துப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான். இதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி, யார் எந்த நேரம் வீட்டில் இருப்பது என்று முறை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அந்த உச்சத்தில் ஒருவர் இறங்கிப்போனால் அவன் கற்பது, இவ்வளவு பலமாக முட்டினால்தான் கிடைக்கும் என்பது. அதற்காக, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையைக் 'கண்டுகொள்ளாமல் விடுங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வைக்க வேண்டும், பேச்சில்லாமல், முகத்தில் பதற்றமில்லாமல். சில விநாடி அடங்கியதும் கையை அட்டைக்குக் கொண்டுபோய், அவன் கேட்டதைக் கொடுக்க வேண்டும்.

தாண்டிப் போகும் நேரத்துக்கு

ஒவ்வொருவருக்கும் முன்னறிகுறி உண்டு. காது சிவப்பது, சட்டைக் காலரைக் கடிப்பது, முனகல் உரக்கப் போவது, நடை வேகமாவது. அப்போதே வேலையை நிறுத்தி, டிவியை அணைத்து, தங்கையை வேறு அறைக்கு அனுப்பி, சில்வர் டம்ளர், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பேசுவது ஒருவர் மட்டும், மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரு கை நீளத்துக்குச் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் நிற்பது நல்லது. நேரெதிரே நிற்பது மிரட்டலாகப் படும். முடியைப் பிடித்துவிட்டால் இழுக்காமல், அவன் கையை நம் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றால் பிடி தளரும். கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். பல் இருக்கும் பக்கமாகவே மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும். இவற்றைத் தெரிந்தவரிடம் அமைதியான நேரத்தில் செய்து பழகியிருக்க வேண்டும். தலையில் பலமாக அடிபட்ட பிறகு வாந்தி, அசாதாரணத் தூக்கம், தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனை. நெடுநாளாகத் தலையில் அடித்துக்கொள்கிறவர்களுக்குக் கண்ணின் விழித்திரை விலகும் அபாயம் உண்டு, ஆண்டுக்கொருமுறை கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குப்புறப் படுக்கவைத்து அழுத்துவதும் முதுகில் உட்காருவதும் உயிரைப் பறிக்கும். மூச்சு முட்டி இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கட்டிப்போடுவது, அறைக்குள் வைத்துப் பூட்டுவது, வாயில் மிளகாய்ப்பொடி, சூடு போடுவது ஆகியவை நம் ஊரில் இன்னும் நடக்கின்றன, அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். கட்டிப்போட்டவர்கள் சொன்னதும் பாதுகாப்புக்காக என்றுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 6 கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்துதலிலிருந்தும் பிரிவு 7 வன்முறையிலிருந்தும் பாதுகாப்புத் தருகின்றன. சிறப்புப் பள்ளியிலோ விடுதியிலோ சேர்க்கும்போது "கடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

அடங்கிய பிறகு உடம்பு தணிய அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதற்குள் "ஏண்டா இப்படிப் பண்ண?" என்று கேட்டால் அடுத்தது தொடங்கும். தண்ணீர், மங்கலான விளக்கு, பக்கத்தில் ஒருவர். அவ்வளவே.

அந்த இரண்டரை மணி நேரம்

மேலே சொன்னவை எல்லாம் தீயணைப்பு. இனி வருவதுதான் உண்மையான வேலை, இதைத்தான் பெரும்பாலானோர் செய்யாமல் விடுகிறார்கள். நடத்தை குறைந்ததும் வருவதை நிறுத்திவிடுவார்கள், ஆறு மாதத்தில் திரும்ப வந்து நிற்பார்கள்.

நாலு மணிக்கு வருகிறவனுக்கு நாலரைக்குப் பாட்டியின் பிஸ்கட். நாலே முக்காலுக்கு வாஷிங் மெஷின் துணியை எடுத்து உலர்த்துவது. இதை ஒன்பது படியாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுக்கலாம்: எட்டையும் அம்மா செய்து, கடைசித் துணிக்கு அவன் கிளிப் மாட்டுவது. முடித்த திருப்தி முதல் நாளே அவனுக்குக் கிடைக்கும். அது பழகியதும் கடைசி இரண்டு படி. ஒவ்வொரு படிக்கும் மூன்று நாள் முதல் ஒரு வாரம் என்றால் இரண்டு மாதத்தில் துணி உலர்த்துவது அவன் வேலை. வீட்டுக்குத் தேவையான வேலையாக இருப்பது முக்கியம். மணி கோப்பதும், கோத்ததை மறுநாள் கொட்டி மறுபடி கோக்கவைப்பதும் வேலை இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

ஐந்தேகாலுக்குத் தெருமுனைக் கடை. பத்து ரூபாய்த் தாள், வாங்க வேண்டிய பொருளின் படம் ஒட்டிய அட்டை. கடைக்காரரிடம் முன்பே பேசி வையுங்கள்: அட்டையை வாங்கிக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் கையிலேயே கொடுக்க வேண்டும், கூட வந்தவர் கையில் கொடுக்கக் கூடாது. முதல் வாரம் பக்கத்தில் நடந்து போவது, பிறகு பத்தடி பின்னால், பிறகு வாசலில் நின்று பார்ப்பது. சம்பளம் வாங்காத, சொந்தக்காரர் இல்லாத ஒருவர் அவன் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பல பேருக்கு முப்பது வயதிலும் அப்படி ஒருவர்கூட இல்லை.

தேர்வு செய்வதும் இதில் சேரும். இரண்டு சட்டை காட்டி எது என்று கேட்பது, தோசையா இட்லியா, மாடியா திண்ணையா. ஒரு நாளில் அவன் எத்தனை முறை தேர்வு செய்தான் என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் பல வீடுகளில் வருகிற எண் பூஜ்யம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஷாலக் வாழ்க்கைத் தரத்தை எட்டாகப் பிரித்தார்: மனநலம், உறவுகள், பொருள்வசதி, வளர்ச்சி, உடல்நலம், சுயமுடிவு, சமூகத்தில் பங்கு, உரிமைகள். எட்டுக்கும் பட்டியல் போட வேண்டியதில்லை. வாரத்துக்கு நான்கு எண் போதும்: முட்டிய தடவை, வெளியே போன தடவை, அவன் செய்த தேர்வுகள், வீட்டாரைத் தவிர அவனோடு பேசிய ஆட்கள். முதல் எண் குறைந்து மற்ற மூன்றும் நகரவில்லை என்றால் திட்டம் சரியாக இல்லை.

அம்மாவின் தூக்க மணி நேரத்தையும் அதே தாளில் எழுதச் சொல்வோம். வாரத்தில் நான்கு மணி நேரமாவது அவர் அவனுக்குப் பொறுப்பில்லாமல் இருக்க வேண்டும். கோயிலோ அக்கா வீடோ, எங்கே வேண்டுமானாலும் போகட்டும். தூங்காத அம்மாவால் இரண்டு விநாடியில் அட்டைக்குப் பதில் சொல்ல முடியாது.

நான்கு முதல் ஆறு வாரம் ஆகியும் எண் அசையவில்லை என்றால், முதலில் திட்டம் உண்மையில் நடந்ததா என்று பாருங்கள். அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருந்ததா, பிஸ்கட் நேரத்துக்குப் போனதா என்று ஐந்து கேள்விக்குத் தினம் ஆம், இல்லை போட்டால் தெரிந்துவிடும். நடந்திருந்தும் பலனில்லை என்றால், நடத்தை செய்யும் வேலையைத் தவறாகப் படித்திருக்கிறோம். அதுவும் சரி என்றால் மறுபடி உடம்பு. மருந்தையும் திட்டத்தையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம், எதனால் மாறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆண்டில் இரண்டு சமயங்களில், நன்றாகப் போன வீடுகளும் சறுக்கும். ஒன்று தீபாவளி, வெடிச்சத்தம் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும் என்பதால். காதுமூடியை ஒரு மாதம் முன்பே பழக்கி வையுங்கள். இன்னொன்று மே மாத விடுமுறை: பள்ளி இல்லை, வேன் இல்லை, வெயில், நாள் முழுக்கச் 'சும்மா'. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலேயே விடுமுறைக்கான படவரிசையைத் தொடங்கி, காலை நேரத்தில் வேன் வரும் அதே மணிக்கு ஒரு நடை வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணங்களும் அந்த மாதம்தான். கூட்டம் சேருமுன் போய், வாசலருகே உட்கார்ந்து, 20 நிமிடத்தில், அவன் காது சிவப்பதற்கு முன் கிளம்பிவிடுங்கள். சாப்பிடாமல் கிளம்புகிறார்களே என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அடுத்த கல்யாணத்துக்கு அவன் வர மாட்டேன் என்று அடிக்காமல் வருவான்.

ஜூனில் ஆசிரியர் மாறுவார். அவருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. மேலே அவன் சிரிக்கிற புகைப்படம். அடுத்து அவனுக்குப் பிடித்தவை, அவனால் தானாகச் செய்ய முடிந்தவை: துணி உலர்த்துவான், கடைக்குப் போவான், பைக் பிடிக்கும். பிறகு எப்படிக் கேட்பான், அட்டை எங்கே இருக்கும், எவ்வளவு நேரம் காத்திருப்பான். முன்னறிகுறிகளும் அப்போது செய்ய வேண்டியவையும் அதற்குப் பிறகு. முட்டுவதும் கடிப்பதும் கடைசி நான்கு வரியில்.